எந்திரக் கையும் நம் மாணவரும்



எந்திர மனிதனைச் செய்பவர் மேல்நாட்டு விஞ்ஞானியரே என்று எண்ணுவோர் உளர். கேரளத்தில் குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் பயின்ற விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் ஆகிய நால்வர், அணிபவரின் கைகால்களுக்கு வலுவூட்டும் எந்திரக் கவசத்தை மாணவப் பருவத்திலேயே உருவாக்கினர். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்றச் சென்ற ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தும் மாண்டனர். நால்வரின் கவனம் சாக்கடைப் பக்கம் திரும்பியது. 2018இல் ‘பாண்டிகூட்’ வந்தது. பெருச்சாளி என்று பொருள், பொருத்தமான பெயரே! அது குழிக்குள் கால் விரித்து நின்று கையால் கசடை அள்ளும்; நச்சுவாயுவை உணரும். இயக்குபவர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார். அவ்வாண்டே கும்பகோணத்திற்கும் வந்தது.

அக்குழியில் காலங்காலமாக இறக்கப்பட்டவர் யாவர் என்பதை இம்மன்றத்தில் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; சாவு நிற்கவில்லை. எந்திரத்தை வரையும் மேசையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும் என்பது இதனால்தான்.

நம் மரக்காணத்து உப்பளத்தில் வெறுங்காலுடன் உப்பு வாருபவரைப் பாருங்கள். வழுக்கும் தரையில் அவர் உடல் எப்படிச் சாய்கிறது? எடை எந்தக் காலுக்கு மாறுகிறது? இருகால் எந்திரத்தை நிறுத்த முயல்வோரும் இதையே கேட்கின்றனர். மூட்டுதோறும் மோட்டார், சாய்வை அளக்கும் உணர்கருவி, நொடிக்குப் பலமுறை திருத்தும் கணிப்பொறி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும்.

இறுதியாண்டு மாணவரின் செயல்திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நிதி தருகிறது. சென்னை ஐ.ஐ.டி. வெளிக்கல்லூரி மாணவர்க்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி அளிக்கிறது. மன்றத்திற்கு விண்ணப்பம் கல்லூரி வழியே செல்ல வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரை முன்னதாகவே அணுகுங்கள்.