கோவில்பட்டிக் கடலைமிட்டாய்



நாகலாபுரத்தில் கரிசற் புழுதி படிந்த கால்களோடு பள்ளி சென்ற நாட்களில், எங்களுக்கு வாய்த்த அரும்பண்டம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அதன் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

முன்னாளில், கடலையும் கருப்பட்டியும் சேர்த்துத் திருவிழாக் காலங்களில் ஊர்களிற் செய்த பண்டம் அது. கோவில்பட்டிச் சந்தைச் சாலையில் மளிகைக் கடை நடத்திய பொன்னம்பல நாடார், 1940-களில், கரும்பு வெல்லத்தைக் கொண்டு அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். விழாப் பண்டம் அன்றாட வாணிபப் பொருளாயிற்று.

செய்முறை எளிதன்று. கொதிக்கும் வெல்லப் பாகில் ஒரு துளியை நீரில் இட்டால், அது இறுகி ஓசையுடன் ஒடிய வேண்டும். பதம் குறைந்தால் பல்லில் ஒட்டும், மிகுந்தால் கசக்கும். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை அப்பாகிற் கலந்து, சூடு ஆறுமுன் பலகையிற் பரப்பித் துண்டிடுவர்.

ஒருவர் தொடங்கிய தொழிலைப் பலரும் மேற்கொண்டனர். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிறப்பு தனியொரு கடைக்கு அன்று. ஊரின் பெயருக்கே உரியது. ஆகவே, ஒருவர் பதம் தவறினும் அனைவர் பெயரும் கெடும்.

பெருமுதல் இல்லையே என வருந்தும் இளைஞர்களே! கைக்கெட்டும் பொருளை உற்றுநோக்குங்கள். பதம் அறிந்து செய்யுங்கள்.