தீபாவளிக்கு மறுமாதம்



நாற்பது வயதில் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மிச்ச ஆயுசை உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லும் வீடியோக்கள் காரியாபட்டி பஸ் நிறுத்தத்திலும் ஓடுகின்றன. ஒரு வருஷச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிடு என்பார்கள். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கணக்கு அது. மாதம் 10,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவருக்கு 30 லட்சம் ஆகிறது. அங்கத்து விலைவாசிக்கும் அங்கத்து பங்குச் சந்தைக்கும் போட்ட கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. அதை விட்டுவிடலாம்.

பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களுக்குச் சீக்கிர ஓய்வு ஆசைப்பட்டு வருவதில்லை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குனிந்து வெடி பின்ன வேண்டும். பின்னிய அளவுக்குத்தான் கூலி. ஐம்பதை நெருங்கும்போது முதுகும் விரலும் சண்டித்தனம் பண்ணும், கூலியும் இறங்கும். அப்போது வேலையை விட முடியுமா, இல்லை முடியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டுமா? அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இந்தப் பக்கத்துச் சேமிப்பு எங்கே உடைகிறது என்று கேட்டால் தீபாவளிக்கு மறுமாதம் என்பேன். போனஸ் வாங்கியாகிவிட்டது, துணிமணிக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. ஆலை பூட்டிக் கிடக்கிறது. 2018 அக்டோபரில் பேரியம், சரவெடி பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பல ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவேயில்லை. அடுப்பு எரிய வேண்டும், வாரக் கடன்காரர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் வீட்டில் கைக்கெட்டுவது இரண்டு: நகை, பி.எஃப்.

"பழைய ஆலைப் பி.எஃப். வந்துருச்சா மதினி?"

"வந்துச்சு. தோட்டைத் திருப்பிட்டேன்."

ஆலை வேன்களில் சகஜமாகக் கேட்கிற பேச்சு. தோடு திரும்பியது நல்லதுதான். ஆனால் அந்த மதினி எழுதிக் கொடுத்த 10-சி படிவத்தில் போனது பென்ஷன் பணம். பி.எஃப். தொகைக்குப் படிவம் 19, பென்ஷன் பங்குக்குப் படிவம் 10-சி. பத்து வருஷம் நிறையுமுன் பென்ஷன் பங்கைக் கையில் வாங்கினால், அத்தனை வருஷ வேலையும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மூன்று ஆலையில் நான்கு நான்கு வருஷம் பார்த்தவர் பன்னிரண்டு வருஷக்காரர். ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டே வந்தால் அவருக்குப் பென்ஷன் பூஜ்யம். அந்த வருஷங்கள் அழியாமல் இருக்க, அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். ஏனோ அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எடுக்காமல் விட்டால் என்ன தேறும்? கணக்கில் மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போனது போக மீதி, இரண்டும் சேர்ந்து மாதம் 1,880. சம்பளம் ஒரு பைசா ஏறாவிட்டாலும், வட்டி 8 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், முப்பதில் தொடங்கியவருக்கு ஐம்பதில் பத்து லட்சத்தைத் தாண்டும். அதில் 9 லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போட்டால், 7.4 சதவீத வட்டிக்கு மாதம் 5,550 வரும். பென்ஷன் தனி. சம்பளத்தை வேலை பார்த்த வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,428. இது 58 வயதில். ஐம்பதிலேயே கேட்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, சாகும்வரை அந்தக் குறைந்த தொகைதான். தபால் நிலைய வட்டியோடு, கொல்லையில் நாலு ஆடும் வைத்துச் சமாளிக்க முடிகிறவர் 58 வரை பொறுப்பது நல்லது.

இதெல்லாம் பேர் பதிவேட்டில் ஏறியவர்களுக்கு. உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பி.எஃப். பேச்சே கிடையாது, சட்டம் என்ன சொன்னாலும் சரி. பதிவேட்டில் இருப்பவர்களும் ஒன்றைச் சரிபாருங்கள்: ஆதாரில் இனிஷியல் பின்னால், ஆலைக் கணக்கில் முன்னால் என்றிருந்தால்கூட பணம் நிற்கும். புது ஆலையில் சேரும்போது பழைய பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள். புது எண் போடுகிறேன் என்று கிளார்க் சொன்னால் விடாதீர்கள்.

பி.எஃப். இல்லாதவர்களுக்கு, வயது நாற்பதுக்குள் என்றால், 2015-இல் வந்த அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. முப்பது வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய்; அறுபதிலிருந்து மாதம் 5,000. வேலையில்லாத மாதம் கணக்கில் பணம் இருக்காதே என்று பலர் தயங்குகிறார்கள். மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வசதி உண்டு. சுமார் 3,400 ரூபாய். பேங்கில் படிவம் எழுதும்போதே அரையாண்டு என்று குறித்துக் கொடுத்து, ஒரு தவணை போனஸ் கைக்கு வருகிற ஐப்பசியில் விழும்படி பார்த்துச் சேருங்கள்.