ஷியர் பின் இருக்கும் இடத்தில் ஆணி வேண்டாம்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட வேலைப் பாதுகாப்பு வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேசப்போவது கை விஞ்சைப் பற்றி. பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் மலைகளில் தூர் இழுக்க இது வருகிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் சாய்ந்து லயத்துப் பாதை அடைபட்டால் இதைத்தான் தேடுகிறோம். பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவ மழையில் கல் உருண்டு வந்து ரோட்டில் கிடந்தாலும் இதுதான் வேண்டும். கொழுந்து லொறி காணுக்குள் இறங்கினாலும் இதே கதைதான்.

மோட்டார் இல்லை, கையால்தானே இழுக்கிறோம், இதில் என்ன ஆபத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு கணக்குப் பாருங்கள். தோட்டங்களில் இருக்கும் டர்ஃபோர் வகை விஞ்சுகளில் ஒன்று 1,600 கிலோ இழுக்கும். அது 50 கிலோ உர மூட்டை 32 சேர்ந்த பாரம். அவ்வளவு இழுவையும் விரல் தடிப்புள்ள ஒரு கம்பிக் கயிற்றில் நிற்கிறது. அந்தக் கயிறு அறுந்தாலோ கட்டியிருந்த இடம் பெயர்ந்தாலோ, அந்தச் சக்தி முழுவதும் ஒரு கண் இமைக்கும் நேரத்தில் வெளியே வரும். ஓடித் தப்ப யாருக்கும் நேரம் கிடைக்காது.

முதலில் இந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். டர்ஃபோருக்குள் கம்பியைக் கவ்வும் இரண்டு தாடைகள் இருக்கின்றன. தேர் வடத்தை நாம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை முன்னே கொண்டுபோய் இழுக்கிறோம் அல்லவா, அதே போல ஒரு தாடை பிடித்திருக்க மற்றது நகர்ந்து இழுக்கிறது. வெளியே மூன்று பிடிகள் உண்டு. ஒன்று இழுக்கும் பிடி. ஒன்று மெதுவாகத் தளர்த்தும் பிடி. மூன்றாவது, கம்பியை உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் தாடைகளைத் திறக்கும் பிடி. பாரம் இருக்கும்போது மூன்றாவது பிடியில் கை வைக்கவே கூடாது. முதல் இரண்டு பிடிகளையும் ஒரே நேரத்தில் அசைக்கவும் கூடாது.

இழுக்கும் பிடியில் சிறிய பின்கள் இருக்கின்றன. மெக்கானிக்மார் இவற்றை ஷியர் பின் என்பார்கள். யந்திரத்தின் அளவுக்கு மேல் பாரம் ஏறினால் இவை உடைந்துவிடும். பிடி லேசாக ஆடும், இழுவை நின்றுவிடும். பலர் இதை யந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது பழுதல்ல. கயிறு அறுவதற்கு முன், கொக்கி நிமிர்வதற்கு முன், ‘போதும், நிறுத்து’ என்று யந்திரம் நமக்குச் சொல்கிறது. இழுக்கும் பிடியின் பின் உடைந்த பிறகும் தளர்த்தும் பிடி வேலை செய்யும். அதைக் கொண்டு பாரத்தை மெதுவாக இறக்கிவிடலாம். உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? மூன்றங்குல ஆணி ஒன்றை அடித்து வளைத்துவிடுகிறோம். சில இடங்களில் போல்ட்டே போடுகிறோம். ஆணி உடையாது. அப்படியானால் அடுத்து உடையப் போவது எது? கயிறு, அல்லது கொக்கி, அல்லது கட்டியிருக்கும் மரம். காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்ற வேலை இது.

ஏன் இப்படிச் செய்கிறோம்? நமக்குப் புத்தியில்லாமல் அல்ல. ஒரு நாளைக்கு இத்தனை தூர் பிடுங்கினால்தான் ஒரு பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். புதுப் பின் எடுக்க மலையிலிருந்து ஸ்டோருக்கு இறங்கி ஏறினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். பின் இல்லை, நாளைக்கு வா என்றும் சொல்வார்கள். அன்றைக்கு அரைப் பேர்தான். வீட்டில் இருக்கிற பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு ஆணியை அடிக்கிறோம். ஆகவே இது புத்திமதி சொல்லி முடிகிற விஷயமல்ல. சங்கம் பேச வேண்டிய விஷயம். அதற்குக் கடைசியில் வருவோம்.

பிடியில் நீளமான இரும்புப் பைப்பை மாட்டி மூன்று பேர் தொங்குவதும் ஆணி அடிப்பதைப் போன்றதே. யந்திரத்தோடு வந்த பிடியின் நீளம் ஓர் அளவோடு செய்யப்பட்டது. அதைக் கொண்டு ஓர் ஆளால் இழுக்க முடியவில்லையென்றால் பாரம் அதிகம் என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, பாரத்தைக் குறையுங்கள். தூரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்க வேர்களை வெட்டிவிட்டு இழுங்கள். மரமென்றால் கிளைகளைக் கழித்துத் துண்டாக்குங்கள். இரண்டாவது, இழுக்கும் திசையை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது, கப்பி போடுங்கள். பாரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியே கொண்டுவந்து முனையை உறுதியான வேறொரு மரத்தில் கட்டினால், அதே யந்திரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். வேகம் பாதியாகும், அவ்வளவுதான். ஆனால் கப்பியும் அதன் கட்டும் அந்த இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். திசை திருப்ப மட்டும் மரத்தில் கப்பி கட்டினாலும் இதே கவனம் வேண்டும். கயிறு போன வழியே திரும்பி வந்தால், அந்த மரத்தின் மேல் விழுவது இழுவையைப் போல் இரண்டு மடங்கு.

இனி, விஞ்சை எதில் கட்டுவது? ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். இழுபடுவதைவிடப் பிடித்து நிற்பது பலமாக இருக்க வேண்டும். பக்கத்துத் தேயிலைத் தூரில் கட்டினால் எந்தத் தூர் முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்ட மரம், வேர் அழுகிய மரம், மண் அரித்துப்போன கரையில் நிற்கும் மரம் ஆகியவற்றில் கட்டக் கூடாது. பச்சை மரமாக, தடித்ததாகப் பார்த்து, தரையை ஒட்டி அடியில் கட்டுங்கள். உயரக் கட்டினால் மரம் நெம்புகோல் போலச் சாயும். கம்பிக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதிலேயே கொக்கியை மாட்டக் கூடாது. அதற்கென உள்ள பட்டியையோ ஸ்லிங்கையோ பாவியுங்கள். பாரத்தில் கட்டும் ஸ்லிங்கின் இரண்டு கால்களும் நெருக்கமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பாதிப் பாரம் தாங்கும். அவை 120 பாகைக்கு விரிந்தால், ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும். ஆகவே நீளமான ஸ்லிங்காக எடுங்கள்.

கயிற்றைக் காலையில் வேலை தொடங்கும் முன்னரே பாருங்கள். தோல் கையுறை போட்டுக்கொண்டு, பாரமில்லாத நேரத்தில், முழு நீளத்தையும் விரித்துப் பாருங்கள். இழைகள் அறுந்து முள்ளாக நீட்டியிருந்தாலும், மடிந்து முறுக்கு விழுந்திருந்தாலும், ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தாலும், துருப்பிடித்து உதிர்ந்தாலும் அந்தக் கயிறு வேண்டாம். கம்பிக் கயிற்றில் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலம் மிகவும் குறைந்துவிடும். கயிறும் அந்த யந்திரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். 800 கிலோ யந்திரத்துக்கு 8 மில்லிமீற்றரைவிடச் சற்றுத் தடித்த கம்பி. 1,600 கிலோ யந்திரத்துக்கு 11 மில்லிமீற்றரைவிடச் சற்றுத் தடித்த கம்பி. வேறு அளவைப் போட்டால் தாடை சரியாகக் கவ்வாது. கொக்கியின் வாய் விரிந்திருக்கக் கூடாது. நாக்குத் தகடு மூடியிருக்க வேண்டும். பாரம் கொக்கியின் நுனியில் அல்லாமல் அடி வளைவில் இருக்க வேண்டும்.

யார் எங்கே நிற்பது என்பதுதான் மிக முக்கியம். இறுகிய கயிற்றைத் தாண்டக் கூடாது. அதன் மேல் உட்காரவோ கை வைக்கவோ கூடாது. கயிறு கப்பியில் திரும்பும் இடத்தில் உள்மடிப்புப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. கப்பி கழன்றால் கயிறு அந்தப் பக்கம்தான் வீசும். இழுப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் இழுபடும் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். இழுப்பவர் கயிற்றுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். அறுந்தால் வீச்சைக் கொஞ்சம் குறைக்கும். சாக்கு இருக்கிறதே என்று கிட்டப் போகக் கூடாது.

நம் மலைகள் சரிவானவை. இழுபடும் தூருக்கும் கல்லுக்கும் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. விஞ்சை நேர் கீழே வைத்து நம்மை நோக்கி இழுத்தால், விடுபட்ட பாரம் நம் மேல்தான் வரும். பக்கவாட்டில் வைத்து இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு பாரத்தின் கீழ்ப்பக்கத்துக்குக் கட்டை கொடுங்கள். அதையும் பாரத்தின் பக்கத்தில் நின்றே கொடுக்க வேண்டும். கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் குறுக்குப் பாதையில்தான் வருவார்கள். பாதையின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் சரிவில் தூர் பிடுங்க வேண்டாம்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. தண்டை அறுத்ததும் வேர்ப் பக்கம் திடீரென்று பழைய குழிக்குள் திரும்ப எழும்பி உட்காரும். அந்தக் குழிக்குள்ளும் வேரின் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. மரம் மின்கம்பியில் விழுந்திருந்தால் மின்சார ஊழியர்கள் வந்து மின்சாரத்தைத் துண்டித்தோம் என்று சொல்லும்வரை கிட்டப் போக வேண்டாம். நம் விஞ்சுக் கயிறும் கம்பிதான்.

கட்டளை ஒருவர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ‘நிப்பாட்டு’ என்று யார் கத்தினாலும் உடனே நிறுத்த வேண்டும். அது கங்காணியாக இருந்தாலும் சரி, நேற்று வேலைக்கு வந்த தம்பியாக இருந்தாலும் சரி, பாதையில் போகிற அக்காவாக இருந்தாலும் சரி.

இப்போது சங்கத்தின் வேலைக்கு வருவோம். நிர்வாகத்திடம் நாம் ஐந்து விஷயங்கள் கேட்க வேண்டும்.

ஒன்று: விஞ்சு வேலைக்குத் தூர்க் கணக்கு வைத்துப் பேர் போடக் கூடாது. முழு நாள் வேலைக்கு முழுப் பேர்.

இரண்டு: சரியான ஷியர் பின்கள், தோல் கையுறை, ஸ்லிங், கப்பி எல்லாம் விஞ்சோடு சேர்ந்தே மலைக்கு வர வேண்டும். பின் மாற்றும் நேரமும் வேலை நேரம்.

மூன்று: பழக்கிக் கொடுத்த ஆட்களைத்தான் விஞ்சில் போட வேண்டும்.

நான்கு: கயிறும் யந்திரமும் பார்த்த திகதியை எழுத ஒரு புத்தகம் இருக்க வேண்டும். தலைவர் கேட்டால் காட்ட வேண்டும்.

ஐந்து: ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்தியவரின் பேரை வெட்டக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஒருவருக்குக் காயம் பட்டால், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், எந்த ரோட்டால் உள்ளே வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பிரதான ரோட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள். கயிறு மார்பிலோ வயிற்றிலோ அடித்திருந்தால், வெளியே இரத்தம் தெரியாவிட்டாலும் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்கே தலைவருக்கும் நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள். டிஸ்பென்சரிப் புத்தகத்தில் ‘வேலையின்போது விஞ்சால் ஏற்பட்ட காயம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். ‘விழுந்து அடிபட்டது’ என்று எழுத விடாதீர்கள். அறுந்த கயிற்றையும் உடைந்த கொக்கியையும் வீச விடாதீர்கள். பார்த்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களுக்கும் உரியது. வேலையால் வந்த காயம் என்பதைக் காட்ட இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையில் பட்ட காயமானாலும் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிஷன் விஞ்சை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். அது எத்தனை கிலோ யந்திரம், கயிறு எப்படி இருக்கிறது, ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஆணி இருந்தால் ஆணி என்றே எழுதுங்கள். அடித்தவர் பெயர் வேண்டாம். அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் நாம் நிர்வாகத்தின் முன் உட்காரப் போகிறோம்.