முதுமை மறதியும் ஜப்பானிய மூலிகை மருந்தும்

(இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். ஆகவே ஒரு மருந்தின் பெருமையைப் பேச நான் இங்கு வரவில்லை. பாரம்பரிய மருந்துக்குப் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசு எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதே என் பொருள். இதற்கு ஜப்பானின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஜப்பானிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதை எட்டியவர்கள். முதியோரையும் நோயுற்றோரையும் பேணுவதற்காக ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விட்டு விலகுகின்றனர். முதுமை மறதி நோயில் நினைவிழப்பைக் காட்டிலும் குடும்பத்தாரைப் பெரிதும் வருத்துபவை நோயாளியின் கடுஞ்சினம், மனப்பிரமை, இரவு உறங்காமை ஆகியவையே. இவற்றைத் தணிக்க மனநோய் மருந்துகள் தரப்படுவதுண்டு. ஆனால் இத்தகைய முதியோரிடம் அவை மரண அபாயத்தை அதிகரிக்கின்றன என்று 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. எனவே, மாற்று வழியைத் தேடும் தேவை எழுந்தது.

பழைய மருந்து, புதிய பயன்

சீனத்திலிருந்து வந்து ஜப்பானில் தனித்து வளர்ந்த மூலிகை மருத்துவம் 'காம்போ' எனப்படுகிறது. மேலை மருத்துவத்தையே ஏற்ற மெய்ஜி அரசின் காலத்தில் இது நலிவுற்றது. காம்போ மருத்துவர்களின் உரிமக் கோரிக்கையை 1895-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிராகரித்தது. எனினும் 1967-இல் சில காம்போ மருந்துகளும், 1976-இல் நாற்பதுக்கு மேற்பட்டவையும் மருத்துவக் காப்பீட்டில் இடம்பெற்றன. இன்று அவற்றின் எண்ணிக்கை 148. நவீன மருத்துவம் பயின்று உரிமம் பெற்ற மருத்துவர்களே அவற்றை எழுதித் தருகின்றனர்.

இவற்றுள் ஒன்று 'யொகுகான்சான்'. அதிமதுரம் உள்ளிட்ட ஏழு மூலிகைகளின் கூட்டு இது. பதினாறாம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் இதனைக் குழந்தைகளின் எரிச்சலுக்கும் வலிப்புக்கும் கூறியது. அதையே முதியோரின் மனக்கொந்தளிப்புக்குப் பயன்படுத்திப் பார்த்தனர் ஜப்பானிய மருத்துவர்கள்.

சோதனை கூறுவது என்ன?

2005-இல் 52 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நான்கு வாரங்களில் மனக்கொந்தளிப்பு குறைந்தது. அன்றாடச் செயல்களும் மேம்பட்டன. ஆனால் அதில் போலி மருந்துடன் ஒப்பீடு செய்யப்படவில்லை. பின்னர் 145 நோயாளிகளிடம், எது மருந்து, எது போலி என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் ஆய்வு நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவின்படி, இரு பிரிவினருக்குமிடையே ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே இம்மருந்து இழந்த நினைவை மீட்பதன்று. சிலருக்கு அமைதி தரக்கூடும் என்ற நம்பிக்கையும் இன்னும் உறுதிப்படவில்லை. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. இதிலுள்ள அதிமதுரம் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் உண்டாக்கக்கூடும். 'ஷோசைக்கோத்தோ' என்ற வேறொரு காம்போ மருந்தை உட்கொண்டோரிடையே நுரையீரல் அழற்சியால் மரணங்கள் நேர்ந்ததையடுத்து, 1996-இல் ஜப்பானில் அவசர எச்சரிக்கை வெளியிடப்பட்டது.

நமக்குரிய பாடம்

நமது நாட்டில் 60 வயது கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், முதுமை மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நமக்கும் தொன்மையான மருத்துவ முறைகள் உண்டு. 2014 முதல் அவற்றுக்கெனத் தனி அமைச்சகமும் உண்டு. எனவே, இத்தகைய கோப்புகள் நாளை உங்கள் மேசைக்கு வரும்.

அப்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். எந்தக் குறியை இம்மருந்து தணிக்கிறது? போலி மருந்துடன் ஒப்பிடப்பட்டதா? தீய விளைவுகளைப் பதிவு செய்ய ஏற்பாடு உள்ளதா? ஜப்பான் முதலில் பணம் வழங்கியது. சோதனை பின்னரே வந்தது. வசதி குறைந்த நாம் அவ்வரிசையை மாற்றிக்கொள்வதே நலம். அதுவரை, இரவு பகலாக முதியோரைப் பேணும் குடும்பத்தாருக்குச் சில மணி நேர ஓய்வேனும் கிடைக்கச் செய்யும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கு அப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குவதே பயனுள்ள செலவாகும்.