ஏரியைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலைமேல் பிக் பேர் என்று ஓர் ஏரி. அதன் கரையோரப் பைன் மரக் கூட்டில் ஒரு வெண்தலைக் கழுகு ஜோடி. கடும் குளிரில்தான் முட்டையிடும். ஒன்று அடைகாக்கும், இன்னொன்று இரை தேடும். பிறகு முறை மாற்றிக்கொள்ளும்.

கழுகுக்கு மீன்தான் பிடித்தம். ஏரியின் பெரும்பகுதி உறைந்துவிட்டால்? மீன் பனிக்கட்டிக்கு அடியில்! அப்போது கழுகின் கண் நாமக்கோழிகள் மேல் விழும். நம் ஊர் ஏரிகளில் வெள்ளை நெற்றியோடு மிதக்குமே நாமக்கோழி, அதன் உறவுக்காரப் பறவைதான் இது.

கழுகு தலைக்கு மேல் வந்ததும் அவை என்ன செய்யும் தெரியுமா? சிதறி ஓடாது. ஒன்றுசேரும். காலை நேர டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொள்ளும். கழுகு தாழ வரும். எதைப் பிடிப்பது? தெரியாது. மறுபடி மேலேறும். வட்டமடிக்கும். ஒன்றே ஒன்று விலகி வரட்டும் என்று காத்திருக்கும். விலகியதுதான் இரை. சேர்ந்திருந்தது தப்பித்தது.

நம் ஊர் ஏரியிலும் இதைப் பார்க்கலாம். நீர்ப்பறவைகள் சட்டென்று ஒன்றுசேர்ந்தால் தண்ணீரைப் பார்க்காதீர்கள். மேலே பாருங்கள். ஒரு பருந்து வந்துகொண்டிருக்கலாம்!