கோடை முடிவில் விடுதி காப்போர்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். இலையில் பரிமாறும் சிறப்பு உணவை இன்று நாம் விருந்து என்கிறோம். பண்டை வழக்கிலோ, முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்கும் புதியவரே விருந்து. அத்தகைய புதியவரை ஏற்றுப் பேணும் பணியை நாள்தோறும் செய்துவரும் எளிய மக்கள் சிலரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள தொழில் வட்டாரத்தில் தொழிலாளர் விடுதி நடத்துவோரே அவர்கள்.

இராமானுசர் பிறந்த ஊராதலின், ஸ்ரீபெரும்புதூருக்கு வழிபட வருவோர் என்றும் உண்டு. வேலை தேடி மக்கள் திரளாக வரத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மின்னணு ஆலைகளும் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளமங்கையரும் வந்தனர். மாத்தூர், வல்லம் போன்ற சிற்றூர்களில் வீட்டின்மேல் மாடி எழுப்பி, அறைகளாகத் தடுத்து, அவர்களுக்கு இடம் தந்தனர் ஊரார்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்கு அங்கே உணவும் உறையுளும் கிடைத்தன. சத்திரத்தில் தங்கியவர் இரண்டொரு நாளில் புறப்பட்டுவிடுவார். இன்றைய விடுதியில் தங்குபவரோ ஆண்டுக்கணக்கில் தங்குகிறார். அதற்குக் காசும் கொடுக்கிறார். காசு பெற்றுக்கொண்டு செய்வது விருந்தோம்பல் ஆகுமா என்று சிலர் ஐயுறலாம். வாடகை கொடுத்தால் அறை கிடைக்கும். அந்த அறையில் ஒருவர் நோயின்றி, அச்சமின்றி வாழ்வது விடுதி நடத்துபவரின் கருத்தூன்றிய உழைப்பால்தான்.

அமெரிக்க நாட்டுப் பூங்காக்களில், கூடாரம் அடித்துத் தங்குவோரைக் கவனிக்க முகாம் காப்போர் உண்டு. பல இடங்களில் கோடை முடிந்தால் அவர்கள் பணியும் முடிந்துவிடும். நம் விடுதியாளர்க்கோ கோடையின் முடிவுதான் பணி மிகும் காலம். வைகாசி நடுவில் கத்திரி வெயில் ஓய்கிறது. பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிடுகின்றன. படிப்பை முடித்தவர்கள் பெட்டியுடன் வந்து இறங்குகிறார்கள். முன்பிருந்தவருள் சிலர் திருமணத்தின் பொருட்டோ வேறு வேலையின் பொருட்டோ விடைபெறுகிறார்கள்.

அந்த நாள்களில் ஒரு விடுதியின் நடைமுறையைச் சற்றுப் பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் மகளிர் விடுதி என்று கொள்வோம். விடியற்கு முன்பே அடுப்பு எரிகிறது. முதல் ஷிப்டுக்குச் செல்வோர்க்குப் பேருந்து வருமுன் சிற்றுண்டி ஆயத்தமாக வேண்டும். சற்று நேரத்தில் இரவு வேலை முடித்தவர்கள் திரும்புவார்கள். அவர்களுக்குப் பகலே இரவு. ஆகவே தாழ்வாரத்தில் உரத்த பேச்சு எழாமல் காப்பதும் ஒரு பணியாகிறது. பிறகு மெத்தைகளை வெயிலில் உலர்த்த வேண்டும். மேல்நிலைத் தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, மூடியை இறுக மூட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடுவதாதலின், மழைக்கு முன்பே இது முடிதல் நன்று. வெளியேறுகின்றவரிடம் சாவியை வாங்கி, அவர் கட்டிய முன்பணத்தைக் குறையாமல் திருப்பித் தர வேண்டும். புதிதாய் வந்த பெண் முதல் இரவில் உணவு வேண்டாம் என்று சொல்லி மூலையில் அமர்ந்திருந்தால், "என்னம்மா, வீட்டு நினைவா?" என்று கேட்பதும் இப்பணியைச் சேர்ந்ததே.

இனி, கணக்கைக் கவனியுங்கள். விடுதியில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அறுபது பேர் உள்ள விடுதிக்கு 8,100 லிட்டர் ஆயிற்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டுபோயிற்று. அத்தகைய காலத்தில் இந்த 8,100 லிட்டரைத் தேடிச் சேர்ப்பது எளிதா என்று எண்ணிப் பாருங்கள்.

உணவிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். சோற்றைக் கொதிக்க வைத்தாலும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் மடிவதில்லை. சமைத்ததை வெளியே வெப்பத்தில் விட்டுவைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பலமுறைகளில் வந்து உண்பவர்க்குச் சமைக்கும் விடுதியில், இந்த அறிவுரை எத்துணை இன்றியமையாதது!

இவை சிறு செய்திகள் அல்ல. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. கைத்தொலைபேசி செய்யும் நுட்பமான ஆலையும், அதன் தொழிலாளர் உறங்கும் இடமும் உண்ணும் சோறும் செம்மையாக இல்லையேல் இயங்காது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றே நடைபெற வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014இல் சட்டம் இயற்றப்பட்டது. வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. முன்சொன்ன அளவின்படி அதற்கு நாள்தோறும் 25 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கட்டடம் பெரிதாகலாம், சட்டமும் துணை நிற்கலாம். ஆயினும் தொட்டியை எட்டிப் பார்ப்பதற்கும், உண்ணாதிருப்பவளை ஏன் என்று கேட்பதற்கும் ஒருவர் வேண்டும். அறுபது பேரை முகம் அறிந்து பேணுவது இயலும். பதினெண்ணாயிரவரை அவ்வாறு பேணுவது எங்ஙனம் என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை அந்த விடுதிகளில் புதியவராய்ச் சென்று தங்கலாம். சிலர் அவற்றைக் கட்டும் பொறியாளராகலாம், மேற்பார்க்கும் அலுவலராகலாம். தங்கச் செல்பவர் அடுக்களையையும் தண்ணீர்த் தொட்டியையும் முதலில் பாருங்கள். குறை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கட்டுபவரும் மேற்பார்ப்பவரும், ஒவ்வொரு தளத்திலும் குறை கேட்பதற்கு ஒருவரை அமர்த்த மறவாதீர்கள். விடியற்கு முன் எழுந்து உங்களுக்காக அடுப்பு மூட்டுபவரைக் கண்டால், அவர் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.