பலம் மிச்சம், தூரம் செலவு
(வானொலி உரை. பேசியவர்: வேளாண்மை விரிவாக்க அலுவலர்)



வீட்டில் ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எளிய இயந்திரங்களை எப்படி விளையாட்டாகவே சொல்லித் தரலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. "அது பள்ளிக்கூடத்து வேலையாச்சே, குடியானவனுக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் அம்பத்தூர், திருமுல்லைவாயல் தாண்டி அண்ணனூர், அதற்கு அடுத்தது ஆவடி. இந்தப் பக்கமெல்லாம் முன்பு செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆயிற்று. ஏற்றமும் கமலையும் இறைத்த தண்ணீரில் விளைந்த மாவட்டம் அது. ஏற்றத்தில் துலா மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்த்தபடி பாட்டாலேயே கணக்கு வைப்பார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நெம்புகோல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இன்று வயல் மனையாகிவிட்டது. மிச்சமிருக்கிற வயலிலும் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. உழைப்பு குறைந்தது, நல்லதுதான். ஆனால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது பிள்ளையின் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி செய்தார்கள். அத்தனை பெரிய இயந்திரமானாலும் சரி, நம் டிராக்டரானாலும் சரி, அக்கு அக்காகப் பிரித்தால் நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என்ற இந்த ஆறும் உள்ளே இருக்கும். கடப்பாரை நெம்புகோல், ஏர்க்கொழு ஆப்பு, கிணற்று ராட்டினம் கப்பி. ஆகவே பாடத்துக்கு வேண்டிய சாமான் நம் வீட்டிலேயே இருக்கிறது.

முதல் விளையாட்டு ஏற்றப் பலகை. ஆறடிப் பலகை ஒன்று, அடியில் முட்டுக் கொடுக்க ஒரு கல், பத்துக் கிலோ மணல் கட்டிய பை ஒன்று. பையைப் பலகையின் ஒரு நுனியில் வையுங்கள். முதலில் கல்லைப் பலகையின் நடுவில் வைத்து, மறுநுனியைக் குழந்தை கையால் அழுத்தட்டும். முக்கி முனகித்தான் பை எழும்பும். இப்போது, "பாப்பா, கல்லை எந்தப் பக்கம் தள்ளினா சுலபமா இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தப்பாகச் சொன்னால் அதையும் செய்து பார்க்கட்டும். பைக்கு ஓரடி தூரத்துக்குக் கல் வந்ததும், பத்துக் கிலோவுக்கு இரண்டு கிலோ அழுத்தமே போதும். ஆனால் பை ஓர் அங்குலம் உயர, குழந்தையின் கை ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். இந்த இரண்டையும் சாண் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பலகை எழும்பும்போது அடியில் யாரும் கையோ காலோ விடக் கூடாது.

இரண்டாவது உலக்கை விளையாட்டு. பெரியவர்கள் இருவர் ஆளுக்கு ஓர் உலக்கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கட்டும். வழவழப்பான நைலான் கயிற்றின் ஒரு முனையை முதல் உலக்கையில் கட்டுங்கள். அங்கிருந்து இரண்டாவதைச் சுற்றி, முதலாவதைச் சுற்றி, மறுபடி இரண்டாவதைச் சுற்றி, முதலாவதன் பக்கமாகக் கயிற்றை வெளியே விடுங்கள். நடுவே நான்கு புரி ஓடும். பெரியவர்கள் உலக்கைகளை விலக்கிப் பிடிக்க, ஆறு வயதுப் பிள்ளை கயிற்றை இழுக்கட்டும். பெரியவர்கள் தோற்றுப்போவார்கள்! பிள்ளைக்கு வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள். உடனே கேளுங்கள்: "உலக்கை ஓரடி கிட்ட வந்தது, நீ எத்தனை அடி கயிறு இழுத்தே?" நான்கு அடி. கயிறு உலக்கையில் உராய்வதால் கொஞ்சம் பலம் வீணாகும். அதைக் குறைக்கத்தான் கிணற்றில் உருளுகிற ராட்டினம் போட்டார்கள். விளையாடும்போது கயிற்றுக்கு நடுவே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாய்பலகை. இரண்டடி உயரத் திண்ணையில் அதே ஆறடிப் பலகையைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் நிரப்பி மூடிய ஐந்து லிட்டர் உருண்டை டப்பாவைக் குழந்தை முதலில் நேராகத் தூக்கி வைக்கட்டும். பிறகு பலகைமேல் உருட்டி ஏற்றட்டும். தூரம் மூன்று மடங்கு, பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூட்டையை வண்டியில் ஏற்றப் பலகை போடுகிறோமே, அதே கணக்குதான்.

மூன்று விளையாட்டிலும் பிள்ளை கண்டுகொள்வது ஒரே விஷயம்: பலம் மிச்சமானால் தூரம் செலவாகும். எந்த இயந்திரமும் சும்மா கொடுப்பதில்லை. இதைக் கையும் தோளும் முதலில் தெரிந்துகொள்ளட்டும். நெம்புகோல், கப்பி என்ற பெயர்களைப் பிறகு சொன்னால் மறக்காது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்காதீர்கள். குடம் தூக்கி இடுப்பு நோகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தானே? பாரத்தைச் சுலபமாக்கும் வழி அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஓடுகிற மோட்டார் பெல்ட், கதிரடிக்கும் இயந்திரம், கரும்பு ஆலை, இவற்றின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் பாடம் சொல்லாதீர்கள். பாவாடை நுனியோ பின்னலோ ஒரு நொடி சிக்கினால் போதும். உலக்கையிடம் கிடைத்த வெற்றி, "இதையும் இழுத்துப் பார்க்கலாமே" என்ற தைரியத்தைக் கொடுக்கும். அதனால், "நீ விட்டால் உலக்கை நிற்கும். பெல்ட் நிற்காது" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கிணற்று மேட்டிலும் இந்த விளையாட்டு வேண்டாம், வீட்டு வாசலே போதும்.

சாமான்களைத் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பலகையும் கயிறும் வீட்டில் இருக்கின்றன, பிள்ளையும் காத்திருக்கிறது.